திராட்சைக்கு ஜிசியா, எல்சியா?

கம்பம் பன்னீர் திராட்சையில் பூச்சிமருந்து எச்சம் பார்க்க ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், நான் எல்சி-எம்எஸ்/எம்எஸ் பக்கம்தான். ஜிசி (கேஸ் குரோமட்டோகிராபி) மாதிரியில் உள்ளதை வாயுவாக்கித் தனித்தனியாகப் பிரிக்கும், எல்சி (லிக்விட் குரோமட்டோகிராபி) திரவத்திலேயே பிரிக்கும், எம்எஸ் என்பது பிரிந்ததை மூலக்கூறு எடையை வைத்து அடையாளம் காணும் பகுதி. ஜிசி-யில் மாதிரி சூட்டில் ஆவியாகியே உள்ளே போக வேண்டும். குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின், பழைய டிடிடி எல்லாம் அதில் அழகாக வரும். ஆனால் இன்று திராட்சைத் தோட்டத்தில் அடிக்கிற இமிடாகுளோப்ரிட், கார்பன்டசிம், டைமெத்தோமார்ப் போன்றவற்றில் பெரும்பாலானவை ஆவியாவதற்குள் சிதையும், இல்லை கருவிக்குள் சரியாக நகராது, அவற்றைக் கரைசலாகவே ஏற்றுகிற எல்சி-தான் பிடிக்கும்.

செலவிலும் வித்தியாசம் உண்டு. ஜிசி-க்கு மாதிரியைச் சுமந்து செல்லும் ஹீலியம் சிலிண்டர் தீராமல் பார்க்க வேண்டும், பழத்தின் சர்க்கரையும் நிறமியும் லைனரில் (மாதிரி உள்ளே போகும் கண்ணாடிக் குழாய்) படிந்துகொண்டே இருக்கும், அடிக்கடி மாற்ற வேண்டியதுதான். எல்சி-க்கு சுத்தமான அசிட்டோநைட்ரைல் அல்லது மெத்தனாலும் நைட்ரஜன் ஜெனரேட்டரும் வேண்டும், அதுவும் மலிவில்லை. அப்புறம் பழச்சாற்றில் உள்ள மற்ற பொருட்கள் மருந்துக்குக் கருவி காட்டும் சிக்னலை அமுக்கிவிடும். அதனால் மருந்தடிக்காத திராட்சைச் சாற்றிலேயே ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த மருந்து) கலந்து, அதோடு ஒப்பிட்டு அளவிடுங்கள், இதை விட்டால் எண் தப்பாகத்தான் வரும்.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி என்றால் மட்டும் இரண்டும் தேவை. அங்கே தனி வரம்பு சொல்லாத மருந்துக்கு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான். குயெச்சர்ஸ் என்ற எளிய பிரித்தெடுப்பு முறையில் ஒருமுறை பிரித்தெடுத்த சாற்றை இரண்டிலும் ஓட்டலாம்.