ரேஷன் கடையில் பை பிடித்த அனுபவம்

நியூஜெர்சியில் நம் ஊர்ச் சாமான் விற்கும் கடை ஒன்றில் கல்லாவில் வேலை பார்க்கிறேன். அதனாலோ என்னவோ, இந்த முறை தஞ்சாவூர்ப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனபோது கோயில் குளத்தைவிட ரேஷன் கடையைத்தான் அதிகம் கவனித்தேன். சாமான் வாங்க அம்மாவே நேரில் வரவேண்டும். கல்யாணமாகிப் போன கையோடு என் பெயரைக் கார்டிலிருந்து நீக்கியாயிற்று. பெயர் இல்லாதவர் விரல் வைத்தால் கருவி ஏற்காது. ஆக, எனக்குப் பை தூக்கும் வேலை.

பென்சிலில் குறித்துக் கொடுத்த பழைய கார்டெல்லாம் 2017-லேயே போய் ஸ்மார்ட் கார்டு வந்துவிட்டது. கார்டைக் கருவியிடம் காட்டினால் வீட்டு ஆட்களின் பெயர்கள் வரும். அப்புறம் விரல் ரேகை. அங்கேதான் வரிசை நின்றுபோகிறது. எழுபது தாண்டிய கைகளில் ரேகை எங்கே இருக்கிறது? "கையை நல்லா துடைச்சிட்டு வைங்கம்மா" என்றார் விற்பனையாளர். முந்தானையில் துடைத்து வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இடது கை என்று வைத்துப் பார்த்தும் ஏறவில்லை. கடைசியில் கருவிழி பார்க்கும் கருவியை எடுத்தார். "கண்ணை அகலத் திறங்க." அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு முறைத்துப் பார்த்தார். ஏறிவிட்டது.

அடுத்து எடை. இப்போது தராசைப் புளூடூத் வழியாகப் பில் கருவியோடு இணைத்திருக்கிறார்கள். கணக்குப்படி எடை வந்தால்தான் பில் ஓடும். எடை குறைகிறது என்ற காலங்காலமான புலம்பலுக்கு இது நல்ல மருந்துதான். ஆனால் நேரம் இழுக்கிறது. பிளாஸ்டிக் வாளியில் ஒரு கை அரிசியைப் போட்டு, கொஞ்சம் எடுத்து, மறுபடி போட்டு அந்த எண்ணுக்காகக் காத்திருக்கும் ஊழியரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. நடுவில் சர்வர் வேறு படுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம், எல்லோரும் திண்ணையில் உட்கார வேண்டியதுதான்.

"தம்பி, பருப்பு வந்துருக்கா?"

"பாமாயில் மட்டும்தாம்மா இருக்கு. பருப்பு லோடு வரலை, நாளன்னைக்கு வாங்க."

இந்தப் பதில் மட்டும் என் சின்ன வயதிலிருந்து மாறவே இல்லை. ஒரே நடையில் எல்லாச் சாமானும் கிடைக்கிற மாதம் அபூர்வம் என்கிறார் அம்மா. போதாக்குறைக்கு, கேட்காத டீத்தூளையும் சோப்பையும் எடுத்து வைத்து "இதையும் சேர்த்துக்கங்க" என்றார்கள். கட்டாயம் இல்லை, வேண்டாம் என்று சொல்லலாம். நான் சொன்னேன். அம்மாவுக்குத்தான் சங்கடம், அடுத்த மாதமும் அதே முகத்தைப் பார்க்கவேண்டுமே.

விலையைச் சொன்னால் என்னோடு வேலை பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள். அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை 25. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வரிசையில் நின்ற ஆட்கள்தான். ஓய்வுபெற்ற வாத்தியார், கறிக்கடைக்காரர், நடவு வேலைக்குப் போகிற அக்கா, எங்கள் அம்மா. அரிசி கார்டு வாங்க இங்கே வருமானத்தைத் துருவுவதில்லை. முன்னுரிமைக் கார்டு, முன்னுரிமையற்ற கார்டு என்று பிரிவு உண்டு என்றாலும் இரண்டுக்கும் அரிசி உண்டு. அதனால் கையில் பையோடு நடந்துபோவது யாருக்கும் கூச்சமாக இல்லை.

நான் நிற்கும் கல்லாவில் கதை வேறு. அமெரிக்காவில் உணவு உதவி வருமானத்தைப் பார்த்துத்தான். அரசு மாதாமாதம் பணத்தை இ.பி.டி. கார்டில் ஏற்றிவிடும், கடையில் தேய்த்து ரகசிய எண்ணை அழுத்தினால் போதும். பொன்னி அரிசியா பாஸ்மதியா என்று அவரவரே முடிவு செய்யலாம், லோடு வரவில்லை என்ற பேச்சே இல்லை. அந்தச் சுதந்திரம் பெரிய விஷயம், மறுக்கமாட்டேன். ஆனால் சோப்புக்கு அந்தப் பணம் செல்லாது, சூடான சமோசாவுக்கும் செல்லாது. அதைத் தனியாக எடுத்து வைத்து "இதுக்கு வேற பணம் குடுங்க" என்று நான் சொல்லும்போது, பின்னால் நிற்பவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்பவர்கள் உண்டு. "இ.பி.டி." என்பதையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். எது வேண்டும் என்று கேட்டால், அந்தக் கார்டின் வசதியோடு ரேஷன் கடை வரிசையின் கூச்சமின்மை வேண்டும் என்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முறத்தில் அரிசியைக் கொட்டிக் கொஞ்சம் மஞ்சளித்த மணிகளைப் பொறுக்கிப் போட ஆரம்பித்தார். "பிளாஸ்டிக் அரிசியாம்டீ, தெருவே சொல்லுது." அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து மணியாகப் பிழிந்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலந்திருந்தார்கள். சத்தைப் பொறுக்கி எறிகிறீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பாதி நம்பினார். கடையில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் நான் இவ்வளவு தொண்டைத்தண்ணி வற்றப் பேசியிருக்கவேண்டாம்.

வயதான அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு இருப்பவர்களுக்கு ஒரு தகவல். கடைக்கு நடக்க முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக இன்னொருவர் வாங்கிக்கொள்ள அங்கீகாரப் படிவம் எழுதிக்கொடுக்கலாம். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சாமானை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது; கடையிலேயே விசாரிக்கலாம். அப்புறம், கார்டில் எந்த மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள். வாங்கிய சாமானின் கணக்கு அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தியாக வரும். வாங்காததை வாங்கியதாக வந்தால் 1967 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லலாம். பல வீடுகளில் கார்டில் இருப்பது எப்போதோ வெளிநாடு போன பிள்ளையின் செத்துப்போன சிம் எண்ணாக இருக்கிறது.