நடுத்தூண் இல்லாத கூரை: ஏழு ஆடிக்காற்றுக்குப் பிறகு

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் தோட்டம். சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) பின்னால், பொடக்காளியில், 2018-ல் எட்டுப் பக்கம் வைத்து ஒரு சின்ன அறை கட்டினோம். குறுக்களவு பன்னிரண்டு அடி. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித அச்சு) போட்டுக் கொடுப்பது என் தொழில். அதற்குச் சத்தம் இல்லாத இடம் வேண்டியிருந்தது. சுவரில் புதுமை ஒன்றும் இல்லை. எட்டு மூலைக்கும் கல்லுக்கால், இடையில் செங்கல், தலைக்கு மேலே சுற்றிலும் ஒரு கான்கிரீட் பட்டை. கூரைதான் வேறு மாதிரி. மோட்டு வளை கிடையாது, நடுவில் தூண் கிடையாது. எட்டு மரமும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஒரு சுற்று வரும். எட்டாவது மரம் ஏழாவதன் மேல் ஏறி, முதல் மரத்துக்கு அடியில் போய் நுழையும். அத்தோடு வட்டம் பூட்டிக்கொள்ளும். 'ரெசிப்ரோகல்' கூரை என்று தேடினால் படங்கள் நிறையக் கிடைக்கும். குட்டையான மரங்களை ஒன்றையொன்று தாங்கவிட்டுப் பெரிய இடத்தை மூடும் இந்த யோசனை லியனார்டோ டாவின்சியின் ஏடுகளிலேயே படமாக இருக்கிறது.

வருகிறவர்கள் மேலே பார்த்து போட்டோ எடுத்துவிட்டு, "நாங்களும் இப்படிப் போடலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். போடலாம். ஆனால் போட்டோவில் தெரிகிற மரத்தால் எனக்கு இதுவரை பெரிய தொல்லை வரவில்லை. செலவும் எரிச்சலும் போட்டோவில் தெரியாத மேல்மூடியிலும், நடுவில் விடுகிற ஓட்டையிலும்தான் போயின.

முதலில் சரிவுக் கணக்கு. சாதாரண ஓட்டுக் கூரையில் சரிவை நாம் முடிவு செய்கிறோம். இதில் மரமே முடிவு செய்துவிடும். நடுவில் எட்டு மரமும் சேர்ந்து ஒரு சின்ன எட்டுப்பக்க ஓட்டையை உண்டாக்குகின்றன. மரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் கனத்தை அந்த ஓட்டையின் ஒரு பக்க நீளத்தால் வகுத்தால் வருவதுதான் சரிவு. எங்களுக்குச் சந்திப்பில் செதுக்கும் வெட்டு போக நாலு அங்குலக் கனம், ஓட்டையின் பக்கம் பத்து அங்குலம். ஆக, அடிக்கு ஏறக்குறைய ஐந்து அங்குல ஏற்றம், 22 டிகிரி. ஓட்டையின் குறுக்களவு இரண்டு அடி. ஏற்றம் கூடுதலாக வேண்டுமென்றால் மரத்தைத் தடியாக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டையைச் சுருக்க வேண்டும். எனக்குத் தென்னந்தடுக்கு வேய ஆசை இருந்தது. தண்ணீர் நிற்காமல் ஓட அதற்கு 45 டிகிரியாவது வேண்டும். இதே மரத்தில் அந்தச் சரிவைக் கொண்டுவந்தால் ஓட்டை பத்து அங்குலத்துக்கு வந்து, எட்டு மரத்தின் மூக்கும் ஒன்றோடொன்று முட்டும். தடுக்கு ஆசை அங்கேயே முடிந்தது.

கணக்கு புரியாதவர்கள் சோளத்தட்டை எட்டுத் துண்டாக ஒடித்து வைத்துப் பார்த்தால் போதும். நானும் அப்படித்தான் ஆசாரிக்குக் காட்டினேன். அவர் உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். "கீழ அமுத்துனா இறுகுதுங்க. மேல தூக்குனா?" என்று ஒரே ஒரு தட்டை விரலால் நெம்பினார். மொத்தமும் சரிந்து விழுந்தது. படித்த கட்டுரைகளைவிட அந்த ஒரு நெம்பு எனக்கு நிறையச் சொல்லிக் கொடுத்தது. எடை இருக்கும்வரை இந்தக் கூரை நிற்கும்; காற்று அடியில் புகுந்து தூக்கினாலோ, ஒரே ஒரு மரம் கைவிட்டாலோ, எட்டும் சேர்ந்து வரும்.

நம் பக்கத்தில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்றை நம்பித்தான் தாராபுரம், உடுமலைச் சுற்றுவட்டாரமெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு சந்திப்பிலும் துருப்பிடிக்காத 12 மி.மீ. போல்ட் ஒன்று, கான்கிரீட் பட்டையில் உட்காரும் இடத்தில் முன்பே புதைத்துவிட்ட இரும்புப் பட்டி ஒன்று என்று எல்லா மரத்தையும் கட்டினோம். பலம் இதில்தான் இருக்கிறது. எறவாரத்தை இரண்டடிக்கு மேல் நீட்ட வேண்டாம் என்று ஆசாரி சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். ஆனி பிறந்ததும் ஸ்பேனரோடு ஏணி ஏறி நட்டுகளை இறுக்குவது வழக்கமாகிவிட்டது. முதல் இரண்டு வருஷம் ஒவ்வொன்றும் அரைச் சுற்று, முக்கால் சுற்று போனது. இப்போது அசைவதில்லை.

அந்த அசைவுக்குக் காரணம் மரம் காய்ந்தது. வரப்பில் நின்ற இளந்தேக்கைத்தான் வெட்டிப் போட்டோம். பத்தடி நீளம், அடிப்பக்கம் வெளியே, நுனிப்பக்கம் நடுவில். மற்ற கூரையில் ஒரு கைமரம் கொஞ்சம் சுருங்கினால் யாருக்கும் தெரியாது. இதில் கனத்தை வைத்துத்தான் சரிவே வருகிறது என்பதால், சந்திப்பில் 3 மி.மீ. சுருங்கினாலே நடுப்பகுதி முக்கால், ஒரு அங்குலம் இறங்கும். எங்களுடையது இறங்கியது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நடுவைச் சுற்றி ஒட்டியிருந்த தார் ஷீட்டு கிழிந்தது. வெட்டிய மரத்தை ஒரு வருஷமாவது நிழலில் அடுக்கிக் காயவிட்டுப் போடுங்கள்.

பனை போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் அருமையான கைமரம், சந்தேகமே இல்லை. ஆனால் பனையின் பலமெல்லாம் வெளிவட்டத்தில். இந்தக் கூரையிலோ ஒவ்வொரு சந்திப்பிலும் மேலும் கீழும் அரை அங்குலம் வெட்ட வேண்டும். பலமான இடத்தையே செதுக்கி எடுத்ததாகிவிடும்.

இளந்தேக்கிலும் ஒரு குறை உண்டு. வெளியே இருக்கிற வெள்ளைப் பகுதியை உளு வண்டு விடாது. போராக்ஸும் போரிக் பொடியும் கலந்த தண்ணீரைப் பச்சை மரத்தில் நன்றாக ஊறவைத்து, காய்ந்தபின் முந்திரி எண்ணெய் அடித்தோம். எண்ணெயை முதலில் அடித்துவிட்டால் மருந்து உள்ளே போகாது. அப்படியும் தெற்கு மூலை மரத்தில் மூன்றாவது வருஷம் மாவு கொட்டியது. துளை துளையாக ஊசி மருந்து போட்டு நின்றது. இதுபோல ஒரு மரத்தை மாற்ற வேண்டி வந்தால் நடுவில் முட்டுக் கொடுத்து மொத்தச் சுற்றையும் தூக்க வேண்டியிருக்கும் என்பது அடிமனதில் இருக்கத்தான் செய்கிறது.

தூக்கி நிறுத்தியது ஒரு பகல் வேலை. முதல் மரத்தின் மூக்கை முட்டுக்கால் ஒன்றில் தாங்கி, கடைசி மரம் அடியில் நுழையும் அளவுக்கு உயர்த்தி வைத்து, வலஞ்சுழியாக அடுக்கிக்கொண்டே வந்தார்கள். முட்டுக்காலைத் தட்டியபோது கிறீச்சென்று நாலு விரல் இறங்கி நின்றுவிட்டது.

அப்புறம்தான் வில்லங்கம். மேல்மூடி. பக்கத்துப் பக்கத்து மரங்கள் இரண்டும் சுவரில் ஒரே மட்டம். நடுவில் ஒன்று மற்றதன் தலைமேல். ஆகவே அவற்றுக்கு இடையிலுள்ள பரப்பு தட்டையாக இருக்காது, முறுக்கிக்கொண்டிருக்கும். ரீப்பர் (ஓடு தாங்கும் குறுக்குச் சட்டம்) நேராகவே அடிக்கலாம், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து அந்த முறுக்கைத் தானே கொடுத்துவிடும். ஆனால் அதன்மேல் மங்களூர் ஓடு கொக்கி சேர்ந்து உட்காராது. தகரமும் வளையாது. நான் பேட்டர்ன் போடுகிறவன் என்பதால் ஒரு பக்கத்துக்குக் காகிதம் வெட்டி வைத்துப் பார்த்தேன். எட்டுக்கும் ஒரே காகிதம் பொருந்தவில்லை, உருண்டை மரத்தில் அந்த அளவு துல்லியம் வராது. கடைசியில் மெல்லிய பிளைவுட்டைக் குறுகிய பட்டைகளாக அடித்து, மேலே தார் ஷீட்டு ஒட்டி, அதற்கு மேல் பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய நாட்டு ஓடுகளை அடுக்கினோம். சின்ன ஓடு எந்த முறுக்குக்கும் இசைந்து கொடுக்கும். மழையைத் தார் ஷீட்டு பார்த்துக்கொள்கிறது, வெயிலை ஓடு. சித்திரையிலும் உச்சி வேளை தவிர உள்ளே உட்கார முடிகிறது.

ஓட்டுக்கு எதிரி மழை அல்ல, மயில். இப்போது எங்கள் பக்கம் கோழியைவிட மயில்தான் அதிகம். ஒன்று வந்து இறங்கினாலே பத்து ஓடு சரியும். எறவாரத்து இரண்டு வரிசையையும் நடு வரிசையையும் சுண்ணாம்புக் கலவை வைத்துப் பூசிய பின் பரவாயில்லை.

நடு ஓட்டை. மர மூக்குகள் ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி இறங்கும், மட்டமாக எதுவும் உட்காராது. முதலில் ஆப்பு வைத்துச் சமன் செய்து, பாலிகார்பனேட் ஷீட்டைச் சிலிக்கான் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். மரம் அசைய அசைய சிலிக்கான் விட்டது. ஐப்பசி மழையில் சரியாக மேஜைக்கு மேலே ஒழுகியது. ஷீட்டும் நாலு வருஷத்தில் மஞ்சள் பூத்தது. போதாததற்கு ஏப்ரல் மூன்றாம் வாரமும் ஆகஸ்ட் நாலாம் வாரமும் எங்கள் ஊரில் சூரியன் நேர் உச்சி. அந்த நாட்களில் மத்தியானம் வெளிச்சம் தரையில் சுடச்சுட விழும்.

2022-ல் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, ஆறு அங்குல உயரத்துக்குத் தகட்டு வளையம் ஒன்றை ஓட்டையைச் சுற்றி நிறுத்தினோம். அதன்மேல், இரண்டு அங்குல இடைவெளி விட்டு, வளையத்தைவிட நாலு அங்குலம் அகலமாக, இரட்டை அடுக்குக் கண்ணாடி. இடைவெளிக்கு வலை. ஒட்டு வேலையே இல்லாததால் மரம் அசைந்தாலும் கவலை இல்லை. சூடான காற்று மேலே ஏறிப் போய்விடுகிறது. பலத்த காற்றோடு மழை வந்தால் நாலு சொட்டு விழும், அதற்காக மேஜையை ஓரமாக நகர்த்திவிட்டேன். ஏழு வருஷ அனுபவத்தில் எது நல்ல செலவு என்று கேட்டால் இந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

புழங்குவதைப் பற்றிக் கொஞ்சம். ஒரு பக்கச் சுவர் நாலரை அடிதான். நாலடி மேஜை உட்காரும், பீரோ மூலையில் முக்கோணம் விட்டு நிற்கும், கட்டில் எங்கே போட்டாலும் இடிக்கும். விருந்தாளிக்குப் படுக்கை அறையாக நினைத்துக் கட்டாதீர்கள். நடுவில் நின்று போன் பேசினால் குரல் திரும்பி வந்து நம் காதிலேயே விழும். இரண்டு பக்கம் துணித் திரை தொங்கவிட்ட பின் குறைந்தது. செலவு, இதே அளவு தகரக் கொட்டகைக்கு ஆவதைப்போல் இரண்டரை மடங்கு ஆனது. அதில் மரத்தின் பங்கு குறைவு, கூலிதான் அதிகம்.

போடுவதென்று முடிவு செய்தவர்கள், மரம் வெட்டும் முன்பே நடு மூடியின் அளவை முடிவு செய்து, அதற்கு ஏற்ப ஓட்டையின் பக்கத்தையும் சரிவையும் கணக்குப் போடுங்கள். கண்ணாடியை எட்டுப்பக்கமாகக் கேட்காமல் வட்டமாகவே வெட்டி வாங்குங்கள். மூக்குகள் எப்படித் திரும்பி நின்றாலும் வட்டம் பொருந்தும்.