பச்சை குவார்ட்ஸ் வாங்கினேன், முனைதான் உடைந்து வந்தது
இணையத்தில் வாங்கிய பச்சை குவார்ட்ஸ் படிகக் கொத்து வந்துவிட்டது. படத்தில் இருந்த பளபளப்பு நேரில் இல்லை, கொஞ்சம் மங்கல், ஆனால் எனக்கு அதுதான் நிம்மதி. குவார்ட்ஸுக்குச் சொந்த நிறம் கிடையாது. பாறை இடுக்குகளில் சிலிக்கா கரைந்த வெந்நீர் மெல்லக் குளிரும்போது ஆறுபட்டைப் படிகமாக வளர்கிறது, வளரும்போதே குளோரைட் போன்ற பச்சைக் கனிமத் துகள்களையும் உள்ளே விழுங்கிக்கொள்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே பாசி படர்ந்த மாதிரி, அவ்வளவு அழகு! கண்ணாடி போலச் சீரான வெளிர்பச்சை என்றால் பெரும்பாலும் செவ்வந்திக்கல்லை, அதாவது ஊதா நிறக் குவார்ட்ஸை, சூடாக்கியோ, கதிர்வீச்சில் வைத்தோ நிறம் மாற்றியது. சாயம் ஏற்றியதில் விரிசல்களில் நிறம் தேங்கியிருக்கும். கனிமங்களுக்கான 1 முதல் 10 வரையிலான மோஸ் அளவில் குவார்ட்ஸின் கடினத்தன்மை 7, சாதாரணக் கத்தியால் அடியில் கீறினேன், கோடு விழவில்லை. அப்புறம் பேக்கிங், அது மோசம். இரண்டு முனைகள் உடைந்திருந்தன, விற்றவரிடமிருந்து இன்னும் பதிலே இல்லை.