பூங்காவுக்கு எதிரே ஒரு வீடு: அங் மோ கியோவில் ஒன்பது ஆண்டுகள்

சிங்கப்பூரின் பீஷான் அங் மோ கியோ பூங்காவுக்கு எதிர்ப்புறம், அங் மோ கியோ அவென்யூ 1 பக்கத்து அடுக்குமாடிப் புளோக்குகளில், 2016ஆம் ஆண்டு நானும் என் கணவரும் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய ஒரு நான்கறை வீட்டை மறுவிற்பனையில் வாங்கினோம். குடிவந்த முதல் ஆண்டிலேயே இதை எழுதியிருந்தால் காலைக் காற்றையும் மர நிழலையும் மட்டுமே சொல்லியிருப்பேன். ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட பிறகு, பூங்காவின் பக்கத்தில் இருப்பதில் எது உண்மையாகவே பயன் தந்தது, எதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை, எதை முன்பே விசாரித்திருக்க வேண்டும் என்பதைப் பிரித்துச் சொல்ல முடிகிறது.

வீடு தேடிய காலத்தில் எங்கள் மனம் முதலில் சென்றது, சாலையை ஒட்டிய முன்வரிசைப் புளோக்கில் பதினோராம் மாடி வீடு ஒன்றின் மீதுதான். வரவேற்பறையில் நின்றால் பூங்கா முழுவதும் தெரிந்தது. முகவர் ஜன்னல்களைச் சாத்தி, குளிர்சாதனத்தைப் போட்டுவைத்து எங்களை வரவேற்றதன் காரணம், என் கணவர் ஒரு ஜன்னலைத் திறந்தபோது புரிந்தது. பேருந்துகளின் இரைச்சல் நேராக மேலே வந்தது. உயரே போனால் சத்தம் குறையும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். ஆனால் கீழ் மாடிகளுக்குச் சாலையோர மரங்கள் தரும் மறைப்பு மேல் மாடிகளுக்குக் கிடைப்பதில்லை.

அந்த வீட்டை நாங்கள் வாங்க முடியாமற்போனதற்குக் காரணம் சத்தம் அன்று. 1989 முதல் நடைமுறையில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு புளோக்கிலும், ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் இனத்தார் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு உச்ச விகிதம் உண்டு. இந்தியர்களையும் பிற இனத்தாரையும் சேர்த்து அது புளோக்குக்கு 15 விழுக்காடு, வட்டாரத்துக்கு 12 விழுக்காடு. அந்தப் புளோக்கில் இந்தியர்களான எங்கள் பிரிவின் விகிதம் நிறைந்திருந்தது, விற்பவரோ சீனர். விகிதம் நிறைந்த புளோக்கில் நாம் நம் இனப்பிரிவைச் சேர்ந்தவரிடமிருந்து மட்டுமே வாங்கலாம். ஆகவே இங்கு வீடு தேடும் இந்தியக் குடும்பங்கள், வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் இணையச் சேவையில் அந்தப் புளோக்கின் நிலையைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. அந்நிலை மாதத்தின் முதல் நாளில் புதுப்பிக்கப்படும். மூன்று வார இறுதிகளை நாங்கள் இதைச் செய்யாமல் வீணாக்கினோம்.

பிறகு கிடைத்தது இரண்டாம் வரிசைப் புளோக்கில் ஏழாம் மாடி. ஜன்னலிலிருந்து ஒரு கார் நிறுத்துமிடமும், ஒரு வரிசை மழைமரங்களும், எதிர்ப் புளோக்கின் துணிக் கம்பங்களும் தெரிகின்றன, பூங்கா தெரிவதில்லை. ஆனால் படியிறங்கி, கூரை வேய்ந்த நடைபாதை வழியாகச் சென்று, சமிக்ஞை விளக்கில் சாலையைக் கடந்தால் நான்கு நிமிடத்தில் புல்தரையில் கால் வைக்கலாம். இந்த ஒன்பது ஆண்டுகளில் நான் கற்றது இதுதான்: பூங்கா கண்ணுக்குத் தெரிவதைவிடக் காலுக்கு எட்டுவதே முக்கியம். வேலை முடிந்து களைத்து வருகிற மாலையில் பத்து நிமிடம் நடக்க வேண்டுமென்றால் போக மாட்டோம். நான்கு நிமிடமென்றால் போவோம். முன்வரிசையில் குடியிருக்கும் நண்பர்கள் சிலர், சத்தத்துக்கும் மாலை வெயிலுக்கும் அஞ்சித் திரையை இழுத்து மூடியே வாழ்கிறார்கள்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலை 442,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். முத்திரைத் தீர்வை மட்டும் 7,860 வெள்ளி. மதிப்பீடு வந்தபோது அது பேசிய விலையைவிட 5,000 வெள்ளி குறைவாக இருந்தது. அந்த வேறுபாட்டுக்குக் கடனும் கிடைக்காது, மத்திய சேம நிதி என்னும் கட்டாயச் சேமிப்பிலிருந்தும் எடுக்க முடியாது. ரொக்கமாகவே கொடுக்க வேண்டும். பூங்காவின் பெயரைச் சொல்லி விலை ஏற்றப்படும் இடங்களில் இந்த ரொக்கத்தை முன்னதாகவே ஒதுக்கி வைக்க வேண்டும். அம்மா அதே அங் மோ கியோவில் மூவறை வீட்டில் இருந்ததால், பெற்றோருக்கு அருகில் வாங்குவோருக்கான 20,000 வெள்ளி மானியம் எங்களுக்குக் கிடைத்தது பெரிய உதவியாக இருந்தது.

இனி பூங்காவைப் பற்றி. 1988இல் திறக்கப்பட்ட இது 62 ஹெக்டர் பரப்புடையது. முன்பு இதன் ஓரமாகக் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயாக ஓடியது. கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள, வளைந்து செல்லும் இயற்கையான ஆறாக மாற்றி 2012இல் மீண்டும் திறந்தார்கள். கரைகளைக் கான்கிரீட்டால் அல்லாமல் வேர்களாலும் கற்களாலும் கட்டினார்கள். உடைத்த கான்கிரீட்டின் ஒரு பகுதியைக் கொண்டே பூங்காவுக்குள் ஒரு குன்றும் எழுப்பினார்கள். ஆற்றுக்கு வேலி கிடையாது. மழையில்லாத நாளில் குழந்தைகள் கல்லில் கால் வைத்து ஆற்றைக் கடக்கிறார்கள், வலையோடு மீன் குஞ்சுகளைத் தேடுகிறார்கள். கனமழை பெய்தால் அதே புல்வெளி வெள்ளத்தைத் தாங்கும் படுகையாகிவிடுகிறது. தண்ணீர் ஏறும் வேகத்தை நேரில் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள்; முழங்காலளவு ஓடை, ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஆளை இழுக்கும் ஆறாகிவிடும். எச்சரிக்கை விளக்குகளும் ஒலிபெருக்கியும் உள்ளன. சிறு பிள்ளைகளோடு இங்கு குடிவருகிறவர்கள் முதல் வாரமே அந்த ஒலி எப்படியிருக்கும், கேட்டால் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும். எங்கள் மகனுக்கு நான் சொல்லிவைத்த விதி இன்னும் எளிது: பியர்ஸ் நீர்த்தேக்கப் பக்கம் வானம் கறுத்தால் ஆற்றுக்குள் இறங்கக் கூடாது. தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் சரி, ஆறு வருவது அங்கிருந்துதான்.

நீர்நாய்களைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். பீஷான் குடும்பம் என்று நாடறிந்த நீர்நாய்க் கூட்டம் ஒரு காலத்தில் இங்கேதான் வளர்ந்தது. நாள்தோறும் பார்க்கலாம் என்று எண்ணி வர வேண்டாம். ஆனால் எதிர்பாராத ஒரு காலையில், குட்டிகளோடு அவை கரையேறி உடலை உதறும் காட்சி கிடைக்கும்போது, பாதையில் நிற்கும் அந்நியர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

குயில் வேறு கதை. கவிதைகளில் குயிலைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது காதருகே விடியற்காலை ஐந்து மணிக்குக் கூவினால் எப்படியிருக்கும் என்பது தெரியாது. காகங்கள் கூடு கட்டும் பெரிய மரங்கள் இருக்கும் இடமெல்லாம் குயிலும் இருக்கும். சில மாதங்களில் ஓயாது கூவும். சின் மிங் பக்கத்தில் காட்டுக்கோழிகளும் உண்டு. லேசான உறக்கமுள்ளவர்கள் வீடு பார்க்கும் நாட்களில் ஒரு நாளாவது விடியலுக்கு முன் வந்து கீழ்த்தளத்தில் நின்று கேட்டுப் போக வேண்டும். மழை விட்ட மாலைகளில் ஈசல் படையெடுக்கும். அந்த அரைமணி நேரம் விளக்கை அணைத்துவிட்டு இருப்பதே வழி.

கொசுவைப் பற்றிய அச்சம் மட்டும் இடம் மாறிய அச்சம் என்பேன். சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்ட 2020ஆம் ஆண்டில், எங்கள் புளோக்கிலும் எச்சரிக்கைப் பதாகை தொங்கியது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடுவது. ஓடுகிற ஆற்றிலும் மீன் நிறைந்த குளத்திலும் அதற்கு இடமில்லை. பூச்செடித் தட்டையும் துணிக் கம்பக் குழாயையும் கவனித்தவர்கள் தப்பித்தார்கள்.

அதே ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களில் நாடு முழுவதும் வீடடங்கியிருந்தபோதுதான் இந்த வீட்டின் முழு மதிப்பும் எனக்கு விளங்கியது. அத்தியாவசியத் தேவைகளுக்கும் உடற்பயிற்சிக்கும் மட்டும் வெளியே செல்லலாம் என்றிருந்த அந்த எட்டு வாரங்களில், நாளுக்கு ஒரு மணி நேரம் நடக்க எங்களுக்கு ஆறும் தாமரைக் குளமும் இருந்தன. நான்கறை வீட்டுக்குள் இருவர் அலுவலக வேலையும் ஒரு குழந்தையின் பாடமும் ஒரே மேசையில் நடந்த அந்நாட்களை, அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் எங்களால் கடந்திருக்க முடியாது.

குறைகளில் முதலாவது, கட்டுமானம். மேரிமவுண்ட் சாலையின் கீழே 21.5 கிலோமீட்டர் நீள வடக்கு–தெற்கு விரைவுப் பாதையின் சுரங்கப் பகுதி கட்டப்படுகிறது. பல ஆண்டுகளாகப் பூங்காவின் அந்தப் பக்கம் தடுப்புகளும் மாற்றுப் பாதைகளும்தான். இது வரப்போகிறது என்பது வாங்கும்போதே பொதுவெளியில் இருந்த செய்தி; நாங்கள்தான் பூங்காவை மட்டுமே பார்த்தோம். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தைத் திறந்து, நீங்கள் விரும்பும் பசுமை உண்மையில் பூங்கா என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். புல் வளர்ந்த வெற்று நிலம் பூங்கா அன்று. நாளை அங்கே நாற்பது மாடி எழலாம்.

இரண்டாவது, கட்டடத்தின் வயது. அரசு தரும் 99 ஆண்டுக் குத்தகை 1980இல் தொடங்கிய புளோக் இது. குளியலறைக் கூரையில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. சமையலறைக் குழாய்கள் ஒரு முறை முழுதாக மாற்றப்பட்டன. பழைய வீட்டைப் பார்க்கும்போது புதுச் சாயம் பூசிய கூரையை ஐயத்தோடு பாருங்கள்.

குத்தகைக் கணக்கு இன்னும் முக்கியம். நாங்கள் வாங்கியபோது 99 ஆண்டுகளில் 63 ஆண்டுகள் எஞ்சியிருந்தன, இப்போது 54. 2019 மே மாதம் முதல், வாங்குவோரில் இளையவரின் 95 வயது வரை எஞ்சிய குத்தகை நீடித்தால்தான் மத்திய சேம நிதியை முழு அளவில் பயன்படுத்தலாம். நான் அன்று 36 வயதில் வாங்கினேன். இன்று அதே வயதுடைய ஒருவர் இவ்வீட்டை வாங்கினால் குத்தகை அவருடைய 90 வயதிலேயே முடிந்துவிடும்; ஆகவே அவர் எடுக்கக்கூடிய சேமநிதித் தொகை குறையும். அத்துடன், புளோக்கில் சீனர் விகிதம் நிறைந்திருக்கும் மாதங்களில் இந்திய உரிமையாளரான நாங்கள் சீனக் குடும்பங்களுக்கு விற்க முடியாது. இந்தச் சிரமத்துக்காக நீண்டகால உரிமையாளர்களிடமிருந்து கழகமே வீட்டைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022இல் வந்திருக்கிறது என்றாலும், வாங்கும் நாளிலேயே விற்கும் நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம். முதலீடாக மட்டும் நினைப்பவருக்கு இவ்வட்டாரத்தின் பழைய வீடுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சென்ற ஆண்டு, நாங்கள் கொடுத்ததைவிட நல்ல விலைக்கு வாங்க ஒரு மலாய்க் குடும்பம் முன்வந்தது. இரண்டு மாலைகள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து, அவர் தம் புளோக்கிலிருந்தும் நான் எங்கள் புளோக்கிலிருந்தும் புறப்பட்டு, காலை ஆறே முக்காலுக்குத் தாமரைக் குளத்தருகே சந்தித்துச் சேர்ந்து நடக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. விற்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.