தொலைச் சர்வருக்குப் பதிவுகளை அனுப்புதல்: ஆர்சிஸ்லாக்குடன் நான்கு ஆண்டுகள்

என் பொறுப்பில் உள்ள முப்பதுக்கும் மேற்பட்ட லினக்ஸ் சர்வர்களின் பதிவுச் செய்திகளை, அதற்கெனத் தனியே ஒதுக்கிய ஒரு மையச் சர்வருக்கு, பதிவுகளைச் சேகரித்து அனுப்பும் மென்பொருளான ஆர்சிஸ்லாக் வழியாக அனுப்பத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு சர்வர் முற்றிலும் செயலிழந்தாலோ, அத்துமீறி நுழைந்த ஒருவர் தடயங்களை அழித்துவிட்டாலோ, அதன் சொந்த டிஸ்க்கில் இருந்த பதிவுகளும் போய்விடும் என்பதால் இந்த ஏற்பாடு தேவைப்பட்டது. செய்திகளை அனுப்பவைக்க எனக்கு அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. இணைப்பு அறுந்தால் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

தொடக்கத்தில், இணைப்பு ஏற்படுத்தாமலேயே செய்தியை அனுப்பிவிடும் யுடிபி நெறிமுறையின் 514ஆம் போர்ட்டையே பயன்படுத்தினேன். அமைப்புக் கோப்பில் சர்வர் முகவரிக்கு முன் ஒற்றை அட் குறி இட்டால் யுடிபி, இரட்டைக் குறி இட்டால் முதலில் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு அனுப்பும் டிசிபி, அவ்வளவு எளிமையானது. ஆனால் யுடிபியில் அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அனுப்புகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. ஒருமுறை மையச் சர்வரை மேம்படுத்துவதற்காக நிறுத்தியபோது, ஏறத்தாழ இருபது நிமிடப் பதிவுகள் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் மறைந்துபோயின. அதே காலத்தில், 2001இல் ஆர்எஃப்சி 3164 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் குறிக்கப்பட்ட பதிவு வடிவத்தின் நேர முத்திரையில் ஆண்டும் நேர மண்டலமும் இல்லை என்பதையும் கவனித்து, 2009இல் வெளியான ஆர்எஃப்சி 5424 வடிவத்துக்கு மாறினேன்.

டிசிபிக்கு மாறியதும் இழப்பு நின்றுவிடும் என்று நம்பினேன். உறுதிசெய்துகொள்வதற்காக, 1 முதல் 10,000 வரை எண்ணிட்ட செய்திகளை, பதிவுச் செய்தியை உருவாக்கும் லாகர் கட்டளையால் அனுப்பி, இடையில் மையச் சர்வரின் சேவையை நிறுத்தித் தொடங்கிப் பார்த்தேன். நடுவில் சில எண்கள் இல்லை. அனுப்பும் அழைப்பு வெற்றி என்று திரும்பினால், செய்தியை நம் பக்கத்துக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தன் தற்காலிக நினைவிடமான இடையகத்தில் வாங்கிக்கொண்டது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனை அதைப் படித்தது என்பதல்ல. மறுமுனை மின்சாரம் இழந்து சொல்லாமல் மறைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: லினக்ஸின் இயல்பு அமைப்பில் கெர்னல் சுமார் 15 நிமிடங்கள் வரை மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்த பிறகே இணைப்பைக் கைவிடும். செய்தி எதுவும் போகாத நேரத்தில் இடையிலுள்ள ஃபயர்வால் இணைப்பை மறந்துவிடுவதும் உண்டு. அதைக் கண்டறிய வேண்டிய கீப்அலைவ் சோதனை இயல்பாக 7,200 விநாடிகளுக்குப் பிறகே தொடங்கும் என்பதால், அதை 300 விநாடிகளாகக் குறைத்தேன்.

எல்லாவற்றிலும் அதிகமாகக் கற்றுக்கொடுத்தது வேறொரு நிகழ்வு. எந்தச் செய்தியும் தவறக் கூடாது என்ற எண்ணத்தில் மறுமுயற்சி எண்ணிக்கையை -1, அதாவது முடிவில்லாமல் முயல்க என்று வைத்திருந்தேன். ஆனால் அனுப்பும் செயலுக்கு, செய்திகள் காத்திருப்பதற்கான தனி வரிசை எதையும் கொடுக்கவில்லை; ஆர்சிஸ்லாக்கின் எல்லாச் செய்திகளும் ஒரே பொது வரிசையில்தான் நின்றன. ஒரு நாள் இரவு மையச் சர்வரின் டிஸ்க் பழுதடைந்தது. தனி வரிசை இல்லாததால், அனுப்ப முடியாத செய்தியிலேயே பொது வரிசை நின்றுபோய், சில மணி நேரத்தில் நிரம்பி வழிந்தது. அதன்பின் ஒவ்வொரு புதிய செய்தியும் இடம் கேட்டு 2 விநாடி வரை காத்திருந்தது. பதிவு எழுத முயன்ற நிரல்கள் யாவும் அந்தக் காத்திருப்பில் சிக்கிக்கொண்டன. தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழையவே முடியவில்லை. எங்கோ இருக்கும் ஒரு பதிவுச் சர்வர் பழுதானதால், அதனோடு தொடர்பே இல்லாத சேவைகள் உறைந்து நின்றதை, சர்வரின் நேரடித் திரையான கன்சோல் வழியாகப் பார்த்தபோதுதான் என் அமைப்பின் குறை விளங்கியது.

அதன்பின் அனுப்பும் செயலுக்கு தேவைக்கேற்ப நினைவகம் எடுத்துக்கொள்ளும் லிங்க்டு லிஸ்ட் வகை வரிசை ஒன்றைத் தந்து, அதற்குக் கோப்புப் பெயரும் சூட்டினேன். பெயர் கொடுத்தால்தான் நினைவகம் நிறையும்போது வரிசை டிஸ்க்கில் எழுதும். பலரும் தவறவிடும் இடம் இதுதான். டிஸ்க் எல்லையை 2 ஜிபி என்று வைத்து, சேவை நிற்கும்போது மீதத்தைச் சேமிக்கும்படியும், வரிசை முழுதும் நிரம்பினால் காத்திருக்காமல் புதிய செய்தியைக் கைவிடும்படியும் அமைத்தேன். கடைசி முடிவைச் சிலர் ஏற்கமாட்டார்கள். தணிக்கைக் கட்டாயம் உள்ள இடங்களில் அவர்கள் சொல்வதே சரியாக இருக்கலாம். என் சூழலில் சில பதிவுகளை இழப்பதைவிடச் சேவை நிற்பதே பெரிய கேடு.

மறுமுயற்சி இடைவெளியையும் கவனிக்க வேண்டியிருந்தது. அது 30 விநாடியில் தொடங்கி, தோல்விகள் தொடரத் தொடர நீண்டு, 1,800 விநாடி வரை போகக்கூடியது. மையச் சர்வர் மீண்டு வந்த பிறகும் சில சர்வர்கள் நெடுநேரம் மௌனமாக இருந்ததற்குக் காரணம் அதுவே. உச்ச வரம்பை 60 விநாடியாக்கினேன்.

மூன்றாம் ஆண்டில் ரெல்ப் நெறிமுறைக்கு மாறினேன். 2004இல் ஆர்சிஸ்லாக் திட்டத்தைத் தொடங்கிய ரெய்னர் கெர்ஹார்ட்ஸ், வெறும் டிசிபியின் இந்தக் குறையை விரிவாக விளக்கி, அதற்கு மாற்றாக முன்வைத்தது அது. ஒவ்வொரு செய்திக்கும் மறுமுனையின் ஆர்சிஸ்லாக்கே ஒப்புகை தரும். ஒப்புகை வராதவை மீண்டும் அனுப்பப்படும். இணைப்பு அறுபடும் தருணத்தில் சில செய்திகள் இருமுறை வந்து சேர்வதுண்டு. இழப்போடு ஒப்பிட்டால் அது எனக்குப் பொருட்டே இல்லை. எண்ணிட்ட 10,000 செய்திச் சோதனையை மறுபடி நடத்தியபோது ஓர் எண்கூடத் தவறவில்லை. பின்னர் இணைப்பை மறைகுறியாக்கப் பயன்படும் டிஎல்எஸ் சான்றிதழ் காலாவதியாகி எல்லா இணைப்புகளும் ஒரே காலையில் அறுந்தபோதும், புதுப்பிக்கும்வரை வரிசைகள் தாங்கி நின்றன.

ஒரு சிக்கலுக்கு ஆர்சிஸ்லாக்குக்கு வெளியேதான் வழி தேட வேண்டியிருந்தது. அனுப்பும் செயல் இடைநிறுத்தப்பட்டது என்ற பிழைச் செய்தியும் ஒரு பதிவுதான். இணைப்பு இல்லாதபோது அதுவும் உள்ளூர்க் கோப்பிலேயே தங்கிவிடும். எனவே ஒவ்வொரு சர்வரும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் அடையாளச் செய்தியை அனுப்ப, 15 நிமிடங்களாக அது வராத சர்வரின் பெயரை மையத்தில் ஒரு சிறு நிரல் எச்சரிக்கையாகத் தருகிறது. அண்மையில் அது சுட்டிக்காட்டிய சர்வரில் வலையமைப்பு நன்றாகவே இருந்தது. இயங்குதளத்தை மேம்படுத்தியபோது ஆர்சிஸ்லாக் சேவை மறுபடி தொடங்காமலேயே விடப்பட்டிருந்தது.