கணினியிலிருந்து 5.1 ஒலி: மூன்று பிளக்கா, ஆப்டிக்கலா, எச்டிஎம்ஐயா?

5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும், ஆளுக்கொரு ஒலித்தடம், அதாவது ஆறு சேனல். அதைக் கணினியிலிருந்து எந்த வழியில் கொண்டுபோவது என்பதில், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எச்டிஎம்ஐ கட்சி. ஆனால் தொடக்கத்திலிருந்தே அப்படி இல்லை. கணினியின் முதுகில் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று பிளக்குகளைச் செருகி வருடக்கணக்கில் படம் பார்த்தவன். நடுவில் கொஞ்ச நாள் ஆப்டிக்கல் பக்கமும் போய் வந்தேன். மூன்றையும் ஒரே அறையில், ஒரே ரிசீவரில் (ஒலியை வாங்கிப் பிரித்து ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி), அதே ஸ்பீக்கர்களில் கேட்ட தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆப்டிக்கலை முதலில் முடித்துவிடலாம். தோஷிபா 1983-ல் சிடி பிளேயருக்காகக் கொண்டுவந்த, ஒலியை ஒளியாகக் கடத்தும் கேபிள் அது. சுருக்காத ஒலி என்றால் இரண்டே சேனல்தான் போகும். ஆறு சேனல் வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ் ஆகவோ சுருக்கி அனுப்ப வேண்டும். படத்தின் ஒலித்தடம் ஏற்கெனவே அப்படிச் சுருக்கப்பட்டிருந்தால் பிளேயர் அதைத் தொடாமல் ரிசீவருக்குத் தள்ளிவிடும், 5.1 அருமையாகக் கேட்கும். அந்த மகிழ்ச்சியில் ஒரு விளையாட்டைத் திறந்தால் ஸ்டீரியோ. ஏனென்றால் விளையாட்டு தருவது சுருக்காத ஆறு சேனல். அதை அந்தந்த நொடியே சுருக்கித்தர டால்பி டிஜிட்டல் லைவ் போன்ற வசதி சவுண்ட் கார்டில் இருக்க வேண்டும். இருந்தாலும் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் நொடிக்கு 4,608 கிலோபிட் பிடிக்கும் ஆறு சேனலை 640-க்குள் திணிக்கிறது. திணிக்க எடுக்கும் நேரமும் தாமதமாகச் சேர்கிறது. நான் அதில் விளையாடியது சில வாரங்கள்தான், அதனால் தாமதம் எவ்வளவு உறுத்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஒரு நல்லது உண்டு: ஒளியில் போவதால் மின் இணைப்பு கிடையாது, கணினியிலிருந்து வரும் 'ம்ம்ம்' இரைச்சல் அடியோடு போய்விடும்.

மூன்று பிளக் அனலாக் முறைக்கு நான் நன்றி கெட்டவன் இல்லை. பச்சை முன்பக்கம், கறுப்பு பின்பக்கம், ஆரஞ்சு சென்டரும் சப்வூஃபரும். எந்த மென்பொருள் எதை அனுப்பினாலும் அப்படியே ஆறாகப் பிரிந்து வரும். சுருக்குவதும் கிடையாது, கருவிகளுக்கு இடையே பேச்சுவார்த்தையும் கிடையாது. முதல் நாள் மட்டும் வசனமெல்லாம் சப்வூஃபரில் முனகலாக வந்தது. ஆரஞ்சு பிளக்குக்குள் சென்டரும் சப்பும் இடம் மாறி இருந்திருக்கின்றன. டிரைவரில் அவற்றை மாற்றிப்போட ஒரு டிக் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாலை போனது.

பின் எதற்காக விட்டேன்? ஒலித் தரத்துக்காக அல்ல. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அனலாக்குக்கும் எச்டிஎம்ஐக்கும் வித்தியாசம் சொல்ல என் காதால் முடியாது. விட்டதற்குக் காரணம் தூரம்.

என் சோபா பின்சுவரை ஒட்டி இருக்கிறது. பின் ஸ்பீக்கர்கள் காதிலிருந்து 1.2 மீட்டர், முன் ஸ்பீக்கர்கள் 2.7 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. ஒன்றரை மீட்டர் வித்தியாசம் என்றால் பின்பக்க ஒலி 4.4 மில்லிநொடி முன்னதாக வந்துவிடும். அற்ப நேரம்தான். ஆனால் ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்தால், எது முதலில் வந்து சேர்கிறதோ அந்தத் திசையைத்தான் காது நம்பும். திரையில் பெய்யும் மழை என் பிடரியில் பெய்தது. பின் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தேன்; மழை முன்னால் போகவில்லை, பின்னால் மெலிந்தது, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்வது ரிசீவரின் வேலை. ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் சொன்னால், அருகில் இருப்பதை அதற்கேற்பத் தாமதப்படுத்தும். சின்ன ஸ்பீக்கர்கள் தாங்காத, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான அடிநாதத்தை அவற்றிடமிருந்து எடுத்து சப்வூஃபருக்குத் திருப்பிவிடும். 5.1-ல் அந்த '.1' தனி விளைவுகளுக்கான தடம் மட்டுமே. மற்ற ஐந்து சேனல்களின் அடிநாதம் தானாக சப்புக்குப் போகாது, யாராவது திருப்பிவிட வேண்டும். என் ரிசீவரின் ஆறு சேனல் அனலாக் நுழைவாயில் இந்த வேலை எதையும் செய்யவில்லை. நிறைய ரிசீவர்களில் அந்த வழி நேரே வால்யூமுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும்தான். மைக் வைத்து அறையை அளந்து போட்ட திருத்தங்களும் அதோடு வீண்.

கணினியிலேயே செய்யலாமே என்பீர்கள். செய்யலாம், செய்தேன். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் சேனல்வாரியாகத் தாமதம் போடும், லினக்ஸில் பைப்வயர் என்ற ஒலி மென்பொருளின் வடிகட்டிகள் உண்டு. ஆனால் சோபாவை ஒரு அடி நகர்த்தினாலும் மறுபடி உட்கார்ந்து கோப்பைத் திருத்த வேண்டும். எச்டிஎம்ஐயில் எட்டு சேனல் வரை சுருக்காமலே ரிசீவருக்குள் டிஜிட்டலாகப் போகிறது. தூரம், அடிநாதம், அறைத் திருத்தம் எல்லாம் அங்கே ஒரே இடத்தில். மாற்றிய அன்றே மழை திரைக்குத் திரும்பிவிட்டது.

ரிசீவரே இல்லாமல், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் கணினி 5.1 செட் வைத்திருப்பவருக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. அவருக்கு மூன்று பிளக்தான். டிவி வழியாகச் சுற்றிப் போக நினைப்பவர் டிவி, ரிசீவர் இரண்டு பக்கமும் இஆர்க் இருக்கிறதா என்று பார்க்கட்டும்; எச்டிஎம்ஐ கேபிளிலேயே டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஆர்க் வசதியின் புதிய வடிவம் அது. பழைய ஆர்க்கில் ஆப்டிக்கலின் அதே இரண்டு சேனல் கதைதான். கூரையில் ஸ்பீக்கர் மாட்டும் ஏற்பாடுகளுக்கு நான் ஆள் இல்லை, என் அனுபவம் 5.1-ஓடு நிற்கிறது.

எச்டிஎம்ஐயின் தொல்லையையும் மறைக்கக்கூடாது. அதில் ஒலி, படச் சமிக்ஞையின் இடைவெளிகளில்தான் பயணிக்கிறது. படம் இல்லையேல் ஒலி இல்லை. எனவே கணினிக்கு ரிசீவரும் ஒரு திரை. ரிசீவர் வழியாகவே மானிட்டரை இணைத்தால், பழைய ரிசீவர் என்றால், மானிட்டர் நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற வேகம் குறையலாம். தனியாக இணைத்தால் கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது திரை ஒன்று முளைக்கும். ரிசீவரை அணைத்ததும் ஜன்னல்கள் எல்லாம் இடம் மாறும்; கணினிக்குப் பிறகு ரிசீவரைப் போட்டால் சில நாள் 5.1 என்ற தேர்வே காணாமல் போகும். அதனால் ரிசீவரை முதலில் போடுவது பழக்கமாகிவிட்டது. டிஸ்ப்ளே அமைப்பில் அந்தப் பேய்த் திரையை இழுத்து, மானிட்டரின் ஒரு மூலையை மட்டும் தொடும்படி வைத்திருக்கிறேன். அப்படியும் வாரத்துக்கு ஒருமுறை மவுஸ் அந்த மூலை வழியே நழுவிவிடுகிறது, நான் திரையெங்கும் தேடிக்கொண்டிருப்பேன்.