"1.3 டீசல், எல்லாத்துக்கும் சேரும்" என்று டர்போ விற்பவரிடம் உஷார்

மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை பக்கம் டீசல் டிசையரை வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் கவனத்துக்கு. இணையத்தில் விளம்பரம் போட்டு, பழைய உதிரிபாகத்தை மதுரையிலிருந்து பஸ் பார்சலில் அனுப்பும் ஒரு வியாபாரியிடம் டர்போ (வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) வாங்கினேன். பணம் போனதுதான் மிச்சம். விளம்பரம் இவ்வளவுதான்: "மாருதி 1.3 டீசல், 1248 சிசி, எல்லா மாடலுக்கும் சேரும்."

என் வண்டி பாம்பன் பாலம் ஏறவே திணறியது. டர்போ போச்சு என்றார் உச்சிப்புளி மெக்கானிக். டிசையர், 75 குதிரைத்திறன் என்று வியாபாரியிடம் சொல்லி, ஆர்சி படமும் அனுப்பினேன். "1248 தானே அண்ணே? கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க" என்றார்.

பார்சலைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், மாட்டவே வேண்டாம் என்றுவிட்டார். வந்திருந்தது எர்டிகா, சியாஸில் வந்த 90 குதிரைத்திறன் எஞ்சினின் டர்போ. அதன் சிசியும் 1248தான். ஆனால் அதற்குள் புகை பாயும் வழியை அகட்டிக் குறுக்கும் சின்னச் சின்ன இறக்கைகள் உண்டு. அவற்றை அசைக்கப் பக்கத்தில் ஒரு தண்டு. டிசையர் டர்போவில் அந்த ஏற்பாடே கிடையாது.

சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு மட்டும்தான். 69.6 மி.மீ. விட்டம், 82 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), நாலு சிலிண்டர். கணக்குப் போட்டால் 1248. ஒரே படி அரிசி வேகும் ரெண்டு பானைக்கு மூடி ஒன்றாகவா இருக்கும்?

'1.3' என்கிற லிட்டர் கணக்கு இன்னும் மோசம். 1248ஐ முழுமையாக்கினால் 1.2தான் வரும், ஆனால் கம்பெனி விற்றது 1.3 என்று. 2005இல் வந்த ஸ்விஃப்ட் பெட்ரோலும் 1.3தான், அது 1298 சிசி. அதனால் வெறுமனே 'ஸ்விஃப்ட் 1.3' என்று போட்டிருந்தால் பெட்ரோலா டீசலா என்றே தெரியாது.

உங்கள் வண்டியில் கழற்றிய பழைய டர்போவில் சின்னத் தகடு ஒன்று இருக்கும். நம் உப்புக்காற்றில் துரு ஏறி எழுத்தே தெரியாது. மண்ணெண்ணெய் விட்டு ஒயர் பிரஷ்ஷால் தேய்த்தால் பார்ட் நம்பர் தெரியும். விற்கிறவரிடமும் அவர் டர்போவின் தகட்டுப் படத்தைக் கேட்டு, ரெண்டு நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். தகடே இல்லை என்றால், சேஸிஸ் நம்பரைக் கம்பெனி பார்ட்ஸ் கவுன்டரில் கொடுத்தால் சரியான நம்பரை எடுத்துத் தருவார்கள்.

திருப்பி எடுக்கச் சொன்னேன். "சிசி சரியாத்தானே அனுப்பினேன், கழட்டுன பொருளை எடுக்க மாட்டோம்" என்றார். மாட்டவே இல்லை, கழற்றுவது எங்கே! அப்புறம் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். இதற்கிடையில் விளம்பரத்திலிருந்து 'எல்லா மாடலுக்கும்' என்பதை நைசாக எடுத்துவிட்டார். பழைய ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.